மாட்டுக் கொட்டகை கட்டும் முன் மண் தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது?

30 அடிக்கு 60 அடி, தகரக் கூரை, நீள ஓரம் இரண்டிலும் 12 அடிக்கு ஒரு தூண் என்று ஒரு மாட்டுக் கொட்டகையை எடுத்துக்கொள்வோம். அதையே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

ஒரு தூணின் பங்குக்கு வருவது 12 × 15 = 180 சதுர அடிக் கூரை. தகடு, அதைத் தாங்கும் கூரைச் சட்டம் (டிரஸ்), மேலே ஏறி வேலை பார்க்கும் ஆள் எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 10 கிலோ வைத்தால் 1.8 டன். தூணையும், அதன் அடியில் மண்ணுக்குள் அகலமாகப் போடும் காங்கிரீட்டையும் (பூட்டிங்) சேர்த்தால் சுமார் 3 டன். சதுர மீட்டருக்கு 5 டன் மட்டுமே தாங்கும் மோசமான களிமண்ணில்கூட 3 அடிக்கு 3 அடி (சுமார் 0.84 சதுர மீட்டர்) பூட்டிங் 4 டன்னுக்கு மேல் தாங்கும். ஆகவே எடையை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. கொட்டகை விரிசல் விடுவது வேறு காரணங்களால்: ஒரு மூலை கெட்டி மண்ணிலும் இன்னொரு மூலை கொட்டிய மண்ணிலும் நிற்பது, ஈரம் பட்டால் ஊதி, காய்ந்தால் சுருங்கும் மண், கழுவிவிடும் தண்ணீர் அஸ்திவாரத்தின் ஓரமாகவே இறங்குவது. தேட வேண்டியது இவற்றைத்தான்.

நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து குழி எடுங்கள். தூண் வரும் இடத்திலேயே தோண்டிவிடாதீர்கள். தோண்டி மூடிய மண் பழைய கெட்டிக்கு வராது. தூண் குறியிலிருந்து 5 அடி தள்ளித் தோண்டுங்கள். பூட்டிங் 4 அடி ஆழத்தில் உட்காரும் என்றால், அதற்குக் கீழே பூட்டிங் அகலத்தைப் போல ஒன்றரை மடங்காவது, அதாவது மொத்தம் எட்டரை அடி வரை என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அவ்வளவுக்கும் குழியாக வெட்டுவது ஆபத்து. 4 அடிக்கு மேல் போனாலே பக்கச் சுவர் சரிந்து ஆளை மூடக்கூடும். 4 அடி வெட்டி, மீதியைக் கைத் துளைப்பானால் மேலே நின்றபடி எடுங்கள். வெட்டிய மண்ணைக் குழி விளிம்பிலிருந்து 2 அடி தள்ளிக் கொட்டுங்கள்.

குழிச் சுவரை மண்வெட்டியால் சீவிவிட்டுப் பாருங்கள். செங்கல் துண்டு, பிளாஸ்டிக், சாம்பல், நடுவே கறுத்த பட்டை தெரிந்தால் அது யாரோ கொட்டிய மண். அதற்கு அடியில் இயற்கை மண் எத்தனை அடியில் தொடங்குகிறது என்று ஐந்து குழியிலும் அளந்து எழுதுங்கள். வேர் ஓடிய மேல்மண் எங்கிருந்தாலும் வழித்து எடுக்கப்பட வேண்டியதுதான். சாம்பல் நிறத்தில் துருப்பிடித்தது போன்ற புள்ளிகள் இருக்கிறதா? கோடையில் குழி காய்ந்திருந்தாலும், மழைக்காலத்தில் அந்த மட்டம் வரை தண்ணீர் ஏறி நிற்கிறது என்பதற்கான தடயம் அது. குழி வாயை மூடிவைத்து மறுநாள் ஊற்று எவ்வளவு என்றும் பாருங்கள்.

கெட்டியைச் சோதிக்கக் கட்டைவிரல் போதும். களிமண்ணில் லேசாக அழுத்தியதுமே விரல் பல சென்டிமீட்டர் இறங்கினால் இளக்கம். முழுப் பலம் கொடுத்தும் தடம் மட்டுமே விழுந்தால் நல்ல இறுக்கம். மணலுக்கு 12 மில்லிமீட்டர் கம்பி. ஒரே ஆள், ஒரே நாளில் எல்லாக் குழியிலும் குத்த வேண்டும். ஆழம் எத்தனை என்பதைவிட, குழிக்குக் குழி எவ்வளவு மாறுகிறது என்பதுதான் முக்கியம்.

மண் கறுப்பாகவோ, காய்ந்தால் வெடிப்பு விடுவதாகவோ இருந்தால் ஊதும் தன்மையைப் பார்க்காமல் கட்டாதீர்கள். பூட்டிங் ஆழத்து மண்ணைக் காயவைத்துப் பொடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலியுங்கள். 100 மில்லி அளவுக் குழாய் இரண்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் 10 கிராம் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். குமிழி போகக் கலக்கி, 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மண்ணெண்ணெயில் மண் ஊதாது. அதில் 12 மில்லி, தண்ணீரில் 20 மில்லி நின்றால், 8 ÷ 12, அதாவது சுமார் 67 சதவீதம். 50ஐத் தாண்டினாலே தொல்லை பிடித்த மண்.

அத்தகைய மண்ணில் பலர் செய்யும் தவறு, பூட்டிங்குக்கு அடியில் மணலை நிரப்புவது. சுற்றிலும் களிமண் இருக்க, மணல் தொட்டி மாதிரி தண்ணீரைப் பிடித்துவைத்து அடிமண்ணை இன்னும் ஊதவைக்கும். ஊதாத சரளை மண்ணை 6 அங்குல அடுக்குகளாகப் போட்டு, லேசாக நனைத்துத் திமிசு போடுவதே சரி. வெடிப்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று கோடையில் கம்பி விட்டுப் பார்த்து, பூட்டிங்கை அதற்கும் கீழே கொண்டுபோங்கள்.

திறந்த கொட்டகையில் காற்று இன்னொரு கணக்கு. சதுர அடிக்கு 10 கிலோ அளவில் காற்று மேலே தூக்கினால் ஒரு தூணுக்கு 1.8 டன் இழுப்பு. 3 × 3 × 1 அடி காங்கிரீட்டின் எடை வெறும் 600 கிலோதான். மீதியைப் பிடித்துவைப்பது அதன் மேல் மூடிய மண். 3 அடி உயரத்துக்கு நன்றாக இடித்து நிரப்பினால் 1.3 டன் வரும். தண்ணீரில் மூழ்கினால் அதில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். ஈரம் தங்கும் இடத்தில் பூட்டிங்கைப் பெரிதாக்குவது இதற்காகத்தான்.

நிரப்பு மண் 3 அடிக்கு மேல் இருந்தாலோ, ஊற்று பூட்டிங் மட்டத்துக்கு வந்தாலோ, ஊதல் 50ஐத் தாண்டினாலோ துளையிட்டு முறையான மண் பரிசோதனை செய்து பொறியாளரிடம் போங்கள்.

பூட்டிங் குழி வெட்டிய பிறகு மழை பெய்தால் அடியில் தேங்கிய தண்ணீரை இறைப்பது மட்டும் போதாது. குழைந்துபோன 2, 3 அங்குலச் சேற்றையும் கெட்டி மண் வரும்வரை வழித்துவிட்டு, அன்றைக்கே பி.சி.சி. (கம்பி இல்லாத அடிக் காங்கிரீட்) போட்டு மூடிவிடுங்கள்.