மேட்டைத் திட்டி என்ன பயன்?

கேள்வி: 2025 செப்டம்பரில் ருவாண்டாவின் கிகாலியில் நடந்த உலக சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப்பில், ஆண்கள் பந்தயத்தை முடித்தவர்கள் வெறும் 30 பேர். மற்றவர்கள் பாதியிலேயே கழன்றுகொண்டார்கள். இப்படி மலைமேட்டில் பாதை போட்டால் ஸ்லோவேனியாவின் மலையேற்ற மன்னன் போகாச்சரைத் தவிர யார் ஜெயிக்க முடியும்? ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைக்கு உலகப் போட்டி என்று பெயரா?
– வாசகர், ஈரோடு

பதில்: அளவெடுத்தார்கள் என்கிறீர்கள். சரி, 2016-இல் தோஹாவில் யாருக்கு அளவெடுத்தார்கள்? கத்தார் பாலைவனத்தில் 257 கிலோமீட்டர், மேசை போலத் தட்டை. ஸ்பிரின்டர்களுக்கு, அதாவது கடைசிச் சில நூறு மீட்டரில் பாய்ந்து ஜெயிப்பவர்களுக்கு, கொண்டாட்டம் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். பக்கவாட்டில் காற்று அடித்தது, கூட்டம் துண்டு துண்டாகப் பிய்ந்தது. ஜெர்மனியின் பெரிய ஸ்பிரின்டர்கள் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். பெல்ஜியம் முன் கூட்டத்தில் ஆறு பேரை வைத்திருந்தும் மூன்றாமிடம்தான் கிடைத்தது. ஜெயித்தவர் ஸ்லோவாக்கியாவின் பீட்டர் சாகன். இரண்டே வருடம் கழித்து இன்ஸ்புருக்கில் தலைகீழ்: கடைசி மேட்டில் ஓரிடத்தில் 28 சதவீதச் சரிவு, அதாவது நூறு மீட்டர் முன்னே போக 28 மீட்டர் மேலே ஏற வேண்டும். அன்று வென்ற ஸ்பெயினின் வல்வெர்தேக்கு 38 வயது. பாதை ஒவ்வொரு வருடமும் மாறும், அதுதான் இந்தப் போட்டியின் வழக்கம்.

அப்புறம் அந்த 30. இந்தக் கணக்கை வைத்து அழுகிறவர்கள் சாலையோரம் நின்று பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸில் ஒருவன் நொண்டிக்கொண்டாவது கோட்டைத் தாண்டுவான். நாளைக்கும் ஓட வேண்டும், நேர வரம்புக்குள் வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். உலகப் போட்டியில் நாளை என்பதே கிடையாது. பெரிய நாடு எட்டுப் பேரை இறக்கும். அதில் ஐந்தாறு பேருக்கு வேலை தலைவனுக்குக் காற்றை மறைப்பது, தண்ணீர் கொண்டு வருவது, ஓடிப் போனவர்களைத் துரத்திப் பிடிப்பது. கிகாலியில் 15 கிலோமீட்டர் வட்டம். ஒவ்வொரு சுற்றிலும் தன் நாட்டுக் கூடாரத்தைத் தாண்டித்தான் போகிறான். கால் காலியாகிவிட்டது, தலைவன் முன்னால் போய்விட்டான். இன்னும் 80 கிலோமீட்டர் தனியாக மிதித்து யாருக்கு என்ன லாபம்? பிரேக் பிடித்து, ஒரு காலை ஊன்றி, கூடாரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான். அவனைத் தோற்றவன் பட்டியலில் எழுதுவது, பந்தி பரிமாறியவனைச் சாப்பிடாமல் போனவன் என்று சொல்வது மாதிரி.

1980 உலகப் போட்டியில், பிரான்சின் சாலான்ஷில் 107 பேர் புறப்பட்டு 15 பேர்தான் முடித்தார்கள். தோமான்சி மேட்டை மறுபடி மறுபடி ஏறி பெர்னார் இனோ ஜெயித்ததை இன்றைக்கும் புராணம் போலச் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் நடந்தால் புராணம், ஆப்பிரிக்காவில் முதல்முறையாக நடந்தால் கொடுமையா?

உங்கள் கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். கிகாலிப் பாதையில் மொத்த ஏற்றம் 5,475 மீட்டர். ஊரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அதுகூடப் பரவாயில்லை. மோன் கிகாலி என்ற பெரிய ஏற்றத்தை ஒரே ஒரு முறை வைத்தார்கள், அதையும் முடிய நூறு கிலோமீட்டருக்கு மேல் மிச்சமிருக்கும்போது. போகாச்சர் அங்கேயே கிளம்பிவிட்டார். கடைசி 66 கிலோமீட்டர் தனியாட்டம். அந்த ஏற்றத்தை முடிவுக்குப் பக்கத்தில் தள்ளியிருந்தால் சாயங்காலம் வரை நமக்கும் நகம் கடிக்க ஏதாவது இருந்திருக்கும். என் குறை இடத்தைப் பற்றித்தான், உயரத்தைப் பற்றி இல்லை.

மேடு இருந்தால் போகாச்சர்தான் என்பதற்கு, முந்தின நாள் அதே ஊரில் நடந்த பெண்கள் பந்தயமே பதில். பெரிய பெயர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே இருக்க, கனடாவின் மாக்தலேன் வல்லியேர் போய் உலக சாம்பியனுக்குரிய வானவில் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. பாதை முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்த்து ஆள் எடுக்கும் தேர்வாளர்கள் ஏன் சொதப்புகிறார்கள்? 2011-இல் கோபன்ஹேகனில் ஏறக்குறைய தட்டைப் பாதை. பிரிட்டன் எட்டுப் பேரையும் ஒரே ஆளுக்காக, ஸ்பிரின்டர் மார்க் கேவண்டிஷுக்காக, எடுத்தது. விக்கின்ஸும் ஃப்ரூமும்கூட நாள் முழுக்க முன்னால் நின்று இழுத்தார்கள். கேவண்டிஷ் ஜெயித்தார். பத்து மாதம் கழித்து லண்டன் ஒலிம்பிக்ஸ். அதே எட்டில் இருந்த ஐந்து பேர். விக்கின்ஸ் அப்போதுதான் டூர் டி பிரான்ஸ் வென்று வந்திருந்தார், ஃப்ரூம் அதில் இரண்டாமவர். அந்த ஒலிம்பிக்ஸில் ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் ஐந்து பேர்தான். பாக்ஸ் ஹில் என்ற மேட்டை ஒன்பது முறை ஏற வேண்டும். அது ஒன்றும் பயங்கரமான மேடு இல்லை. ஆனால் 250 கிலோமீட்டரை ஐந்து பேர் கட்டிக் காக்க முடியாது. மற்ற நாடுகள் பெரிதாக உதவவும் இல்லை, அவர்களுக்கு என்ன தலையெழுத்து? தங்கம் கஜகஸ்தானின் வினோகுரோவுக்குப் போனது. ஒரே திட்டம், ஒரே ஆட்கள். மூன்று பேர் குறைந்தார்கள், ஒரு மேடு கூடியது. அவ்வளவுதான்.

இன்னொரு சங்கடம், வருடம் முழுக்கச் சம்பளம் கொடுக்கும் தொழில்முறை அணி வேறு, அன்று ஒரு நாள் போடும் நாட்டுச் சட்டை வேறு. 2013 ஃபிளாரன்ஸ் உலகப் போட்டி. முன்னால் ஸ்பெயினின் ரொட்ரீகஸ் தனியாகப் போகிறார். பின்னால் இன்னொரு ஸ்பெயின்காரர் வல்வெர்தே, கூடவே போர்ச்சுகலின் ருயி கோஸ்டா. கோஸ்டா பாய்ந்தபோது வல்வெர்தே பின்தொடரவில்லை. கோஸ்டா எட்டிப் பிடித்து கோட்டருகே ரொட்ரீகஸை முந்தினார். ஸ்பெயினுக்கு இரண்டும் மூன்றும். மேடையில் ரொட்ரீகஸ் அழுதார். வல்வெர்தேவும் கோஸ்டாவும் மற்ற நாட்களில் மொவிஸ்டார் என்ற ஒரே அணி. கால் வரவில்லையா, மனம் வரவில்லையா என்று ஸ்பெயினில் வெகுநாள் சண்டை நடந்தது. கிகாலியில்கூட, போகாச்சர் கிளம்பியபோது ஒட்டிக்கொண்ட இருவர் ஸ்பெயினின் ஆயுசோவும் மெக்சிகோவின் டெல் டோரோவும். மூவருக்கும் அன்று யூஏஇ அணியில்தான் சம்பளம். இதில் சூது இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆயுசோ சீக்கிரமே விழி பிதுங்கிப் பின்தங்கினார், டெல் டோரோவும் பிறகு தாக்குப்பிடிக்கவில்லை. ஆனால் பெல்ஜியம் மாதிரி எட்டுப் பேரோடு வந்த நாட்டில் ஒருவரும் அந்தக் கணத்தில் அங்கே இல்லையே, அதைப் பற்றி ஏன் யாரும் கடிதம் போடவில்லை?

2027-இல் உலகப் போட்டி மறுபடி சாலான்ஷுக்கு வருகிறது, அதே தோமான்சி மேட்டோடு. அப்போதும் எழுதுங்கள். எத்தனை பேர் முடித்தார்கள் என்பதோடு, தோமான்சியில் முதல் அடி விழுந்தபோது எந்த நாட்டில் எத்தனை பேர் முன்னால் இருந்தார்கள் என்பதையும் எண்ணி அனுப்புங்கள்.