குடுவைச்செடி நாற்றின் நுனி கருகுவது பற்றி

வணக்கம் நண்பரே. காசியானா, வென்ட்ரிகோசா என்ற இரண்டு குடுவைச்செடி இனங்களின் கலப்பு விதை முளைத்தபின் விதையிலையோடு நின்று, நுனி கருகுகிறது என்று எழுதியிருந்தீர்கள். விதையில் குறை இருக்காது. நெப்பந்தஸ், அதாவது பூச்சி பிடிக்கும் இந்தக் குடுவைச்செடியின் விதை சீக்கிரமே உயிர்ப்பை இழந்துவிடும். உங்களுடையது முளைத்துவிட்டதே, அதுவே பெரிய விஷயம்.

எனக்குச் சந்தேகம் நீங்கள் போட்ட தென்னை நார்க்கழிவு மேலும் ஊற்றிய போர்வெல் தண்ணீர் மேலும்தான். இரண்டிலும் உப்பு இருக்கும். இந்தச் செடிகளின் வேர் சத்தில்லாத மண்ணுக்குப் பழகியது, உப்பைத் தாங்காது. மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ மட்டும் ஊற்றுங்கள். ஸ்பேக்னம் என்ற, ஈரம் பிடித்து வைக்கும் பாசியைப் பொடியாக நறுக்கி நனைத்து, நாற்றைப் பல்குச்சியால் அடிமண்ணோடு நெம்பி அதில் வையுங்கள். வேர் மெல்லிய கறுப்பு நூல் மாதிரி இருக்கும், இழுத்தால் அறுந்துவிடும். மேலே கண்ணாடி மூடி, நல்ல வெளிச்சம். நேர் வெயில் வேண்டாம். மண்ணில் உரம் போடவே போடாதீர்கள்.

அப்புறம் பொறுமை. விதையிலைக்கு அடுத்து வரும் இலையிலேயே கடுகளவு குடுவை தெரியும். முழு உருவம் வர இரண்டு மூன்று வருடமாவது ஆகும். கலப்பினத்தில் ஒவ்வொரு நாற்றும் ஒரு மாதிரி வரும், அதனால் சின்னதாக இருக்கிறதே என்று எதையும் பிடுங்கி எறியாதீர்கள். இதில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி; ஆணா பெண்ணா என்பது பூத்தால்தான் தெரியும்.