காயம்பட்ட மான் வேலி தாண்டினால்

போன இதழில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடுவதைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பம் எங்களுடையது. பதினெட்டு வருஷமாக அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்து லாரமியில் குடியிருக்கிறேன். மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒன்பது வருஷமாக வேட்டைக்குப் போகிறேன். இந்த முறை வேட்டைக் கேள்விகளுக்கு மட்டும் பதில்.

அண்ணா, இந்த வருஷம் முதல்முறையாக எல்க் வேட்டைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். ஆபீசில் இரண்டு பேர் இதை வைத்துத் தினமும் சண்டை போடுகிறார்கள். பணம் கட்டிப் பண்ணையில் வேட்டையாடுபவர், "பொது நிலத்துக்கு வருகிறவர்கள் குப்பை போட்டு, கண்டபடி சுட்டுவிட்டுப் போவார்கள்" என்கிறார். இன்னொருவர், "காசு கொடுத்துச் சுடுவது வேட்டையா? கடையில் வாங்குவது மாதிரி" என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகர், டென்வர்

தம்பி, இரண்டு பேரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆளுக்குப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள்.

பொது நிலம் என்பது இங்கே தேசியக் காடுகளும், நில மேலாண்மைத் துறையிடம் இருக்கும் புல்வெளிகளும். லைசென்ஸ் உள்ள யாரும் போகலாம். உள்மாநிலத்தவனான எனக்கு எல்க் லைசென்ஸ் 60 டாலருக்குள் முடிந்துவிடும். பெரிய பண்ணையில் வழிகாட்டி, தங்குமிடம், சாப்பாடு என்று போனால் 10,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். பாதிக் கோபம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. மூன்றாவது வருஷம் ஆறு நாள் மலையேறி வெறுங்கையோடு திரும்பினேன். நண்பருக்குத் துணையாகக் கறி வெட்டித் தரும் கடை வரிசையில் நிற்கும்போது, ஒரு பெரியவர் ஆறு கிளைக் கொம்போடு ஒரு கிடாயைக் கொண்டுவந்து இறக்கினார். பண்ணையில் அடித்தது. "காசுக்கு வாங்கின கொம்பு" என்று நண்பரிடம் சொன்னேன், அவர் காதில் விழும்படியே. அவர் திரும்பிப் பார்த்துவிட்டுக் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார். இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் தழும்பு. "மலை ஏற முடியாது தம்பி. நாலு வருஷம் சேர்த்த பணம் இது" என்றார். அன்று நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கப்புறம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அதே சமயம், பண்ணையில் லாரியின் ஜன்னலில் துப்பாக்கியைச் சாய்த்துக்கொண்டு சுடத் தயாராக இருந்தவனையும் பார்த்திருக்கிறேன். பொது நிலத்தில் இதைவிட மோசமானதையும் பார்த்தேன். மெடிசின் போ தேசியக் காட்டில் ஓர் ஓடைக்கரையில், முதுகுக்கறியை மட்டும் அறுத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தின்னக்கூடிய கறியை வீணாக்குவது சட்டப்படி குற்றம். வனவிலங்கு அதிகாரிக்குச் சொன்னேன். அவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

உங்கள் ஆபீஸ்காரர்கள் இருவரிடமும் ஒன்றைச் சொல்லுங்கள். அவர்கள் பேசுவது ஒரே மானைப் பற்றி. அந்தக் காலத்தில் குடியேற வந்தவர்கள் தண்ணீர் ஓடும் பள்ளத்தாக்குகளாகப் பார்த்துப் பட்டா வாங்கினார்கள். யாருக்கும் வேண்டாத உயர்ந்த மலைகள் அரசிடமே தங்கின. அதனால் எல்க் கோடையில் அரசு மலையில் மேயும். பனி விழுந்தால் பண்ணைக்கு இறங்கும். துப்பாக்கிப் பருவம் ஆரம்பித்த இரண்டாம் நாளே சத்தம் கேட்டு இறங்கிவிடுவதும் உண்டு. பண்ணைக்காரர் மாட்டுக்குச் சேர்த்து வைத்த புல்கட்டைத் தின்னும், வேலியை மிதித்துச் சாய்க்கும். மான் யாருடையது என்றால் மாநில மக்களுடையது. நிலம் வைத்திருப்பதால் மான் அவருக்குச் சொந்தமாகிவிடாது. ஆனால் குளிர்காலம் முழுக்க அதற்குத் தீனி போடுவது அவர்தான் என்பதை, பொது நிலத்தில் வேட்டையாடும் எங்களில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

நீங்கள் முதல் வருஷம் பொது நிலத்துக்கே போங்கள். வார நாளில் போங்கள். சாலையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் நடந்தாலே கூட்டம் குறைந்துவிடும். எலும்பை நீக்கினாலும் ஒரு கிடாயில் நூறு கிலோ அளவுக்குக் கறி இருக்கும். அத்தனையையும் முதுகில் சுமந்து இறக்கும் தெம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூரத்தை முடிவு செய்யுங்கள். எங்கள் மாநிலத்துக்கு வருவதானால் ஒன்று கவனம்: வனாந்தரம் என்று அறிவித்த பகுதிகளில் வெளி மாநிலத்தவர் வழிகாட்டி இல்லாமல் எல்க் வேட்டையாடக் கூடாது. அந்த நிலம் நாடு முழுவதற்கும் சொந்தம். நடந்து போகலாம், கூடாரம் போடலாம், வேட்டைக்கு மட்டும் வழிகாட்டி வேண்டுமாம். இது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

எல்க் என்பது நம் கடமான்தானா?
— வாசகி, பெரியகுளம்

ஒரே குடும்பம், வேறு இனம். வளர்ந்த கிடா 300 கிலோவுக்கு மேல் வரும், பெண் 225 கிலோ அளவு. ஐரோப்பாவில் இதே பெயரால் வேறொரு மானைச் சொல்வார்கள், குழம்பிவிடாதீர்கள். செப்டம்பரில் கிடா கூப்பிடுவதைக் கேட்க வேண்டும் அம்மா. அடித்தொண்டையில் தொடங்கி, கீச்சென்று உச்சிக்குப் போய், உறுமலில் முடியும். முதல்முறை கேட்டபோது இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து இந்தக் குரலா என்று நின்றுவிட்டேன்.

வயோமிங்கில் வேட்டைக்காரர்கள் ஏணி போட்டு நிலம் தாண்டிய வழக்கைப் பற்றிப் படித்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விளக்குவீர்களா?
— வாசகர், டொரன்டோ

ஒரு சதுரங்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். 1862இல் ரயில் பாதை போடுவதற்காக, பாதையின் இரு பக்கமும் ஒன்றுவிட்டு ஒன்றாக சதுர மைல் கட்டங்களை அரசு ரயில் கம்பெனிக்குக் கொடுத்தது. ஒரு கட்டம் 640 ஏக்கர். கறுப்புக் கட்டங்கள் கைமாறிக் கைமாறித் தனியாரிடம் போயின. வெள்ளைக் கட்டங்கள் இன்னும் அரசிடம். ஒரு வெள்ளைக் கட்டத்திலிருந்து அடுத்த வெள்ளைக்குப் போக, நான்கு மூலைகள் சந்திக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வழி. அந்தப் புள்ளியைத் தாண்டும்போது தோள் தனியார் கட்டத்தின் காற்றில் படாமல் இருக்காது. அது அத்துமீறலா என்பதுதான் கேள்வி.

எல்க் மவுண்டன் என்ற மலை எங்கள் ஊரிலிருந்து மேற்கே நெடுஞ்சாலையில் போகும்போது இடப்பக்கம் தனியாக நிற்கும். அங்கே சுமார் 22,000 ஏக்கர் பண்ணை ஒன்று. உரிமையாளர் வட கரோலினாவைச் சேர்ந்த மருந்துத் தொழிலதிபர். மிசௌரியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் 2020இல் மூலைக் கம்பத்தைப் பிடித்துச் சுழன்று தாண்டினார்கள். 2021இல் நான்கு பேராக, இரும்பு ஏணி ஒன்றைச் செய்து கொண்டுவந்து, ஒரு பொதுக் கட்டத்தில் ஏறி அடுத்த பொதுக் கட்டத்தில் இறங்கினார்கள். தனியார் மண்ணில் கால் வைக்கவில்லை. ஆனாலும் அந்த நால்வர்மேல் அத்துமீறல் வழக்குப் போடப்பட்டது. 2022இல் ஜூரி விடுதலை செய்தது. பண்ணை தனியாக சிவில் வழக்குப் போட்டு, நிலத்தின் மதிப்பு 70 லட்சம் டாலருக்கு மேல் குறைந்துவிட்டதாகச் சொன்னது. 2023இல் மத்திய நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் நின்றது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. பொது நிலத்தை யாரும் அடைத்து வைக்கக் கூடாது என்கிற 1885ஆம் வருஷத்துச் சட்டம் இந்தத் தீர்ப்புக்குக் கைகொடுத்தது. அதே வருஷம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கீழ் வரும் ஆறு மாநிலங்களுக்கு இது செல்லும். பக்கத்து மாநிலமான மொன்டானா அதில் இல்லை.

70 லட்சம் என்ற கணக்குதான் என்னை உறுத்துகிறது. நடுவில் சிக்கிய பொது நிலத்துக்கு வேறு யாரும் வர முடியாது என்பதற்கும் சேர்த்து ஒரு விலை இருந்திருக்கிறது. அந்த நால்வரும் மூலையைத் துல்லியமாகத் தேடிப் பிடித்து, ஏணி செய்து, பக்கத்துப் புல்லைக்கூட மிதிக்காமல் போனார்கள். அடுத்தவர் நிலத்துக்கு இதைவிட என்ன மரியாதை கொடுக்க முடியும்?

பொது நிலம், பொது நிலம் என்கிறீர்களே. அது முதலில் யாருடைய நிலம்?
— வாசகர், யாழ்ப்பாணம்

இந்தக் கேள்வியை எங்கள் ஊர் வேட்டைக்காரர்கள் அதிகம் கேட்டுக்கொள்வதில்லை, ஐயா. எல்க்குக்கு வாபிட்டி என்று ஒரு பெயர் உண்டு. ஷானி என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் சொல். வெள்ளைப் பின்புறம் உள்ளது என்று பொருள். குரோ என்ற இன்னொரு பூர்வகுடி மக்கள் 1868இல் அரசோடு செய்த உடன்படிக்கையில், குடியேற்றம் இல்லாத நிலங்களில் வேட்டையாடும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. 2014இல் குரோ இனத்தவர் ஒருவர் மொன்டானாவிலிருந்து எல்க் மந்தையைத் தொடர்ந்து வயோமிங்கின் பிக்ஹார்ன் தேசியக் காட்டுக்குள் வந்து சுட்டார். அவர்மேல் வழக்கு. எங்கள் மாநிலம் உருவானதோடு அந்த உரிமை செத்துவிட்டது என்று வாதிட்டார்கள். சாகவில்லை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்புச் சொன்னது. அன்று எங்கள் வேட்டைச் சங்கத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். நான் சந்தோஷப்பட்டேன்.

நம் நாட்டில் 1972லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டார்கள். கொன்றுவிட்டு மரியாதை என்று பேச உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?
— வாசகி, கோவை

சகோதரி, அந்தச் சட்டம் நமக்குத் தேவைப்பட்ட சட்டம். அதைத் தளர்த்த யாராவது கேட்டால் நானும் எதிர்ப்பேன். இங்கே கதை வேறு வழியில் போனது. நூறு வருஷத்துக்கு முன் சந்தைக்காகச் சுட்டுச் சுட்டு, நாடு முழுக்க எல்க் ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. மேல்தாடையில் தந்தம் போல இரண்டு பல் உண்டு. கடிகாரச் சங்கிலியில் கோத்துக்கொள்வதற்காக அந்த இரண்டு பல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு உடலைப் போட்டுவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். அப்புறம்தான் காட்டு விலங்கின் கறியை விற்க முடியாமல் செய்தார்கள். 1937இலிருந்து வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி. அந்தப் பணம் விலங்குகளைக் காக்கப் போகிறது. இன்று சுமார் பத்து லட்சம் எல்க் இருக்கின்றன. நான் வருஷத்துக்கு ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை, எடுக்காத வருஷங்களே அதிகம். அது விழும்போது எனக்கு வலிக்கிறது. வலிக்காத வருஷம் வந்தால் துப்பாக்கியை விற்றுவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சுட்ட மான் வேலி தாண்டிப் பண்ணைக்குள் போய்விட்டால்? காயத்தோடு விட்டுவிட்டு வந்துவிடுவீர்களா?
— வாசகர், திண்டுக்கல்

எனக்கே நடந்தது. போன வருஷத்துக்கு முந்தின அக்டோபர், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும். பெண் எல்க். குண்டு கொஞ்சம் பின்னால் பட்டுவிட்டது; என் தப்புதான், மூச்சு அடங்குவதற்குள் சுட்டுவிட்டேன். கருஞ்சிவப்பு ரத்தம் சொட்டுச் சொட்டாகப் போய் ஒரு முள்வேலியில் நின்றது. மேல் கம்பியில் ஒரு கொத்து மயிர், ஈரம் காயாமல். அந்தப் பக்கம் தனியார் பண்ணை. அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. போனில் சிக்னல் இல்லை. நின்ற இடத்தில் ஆரஞ்சு நாடா ஒன்றைக் கட்டிவிட்டு, இரண்டு கிலோமீட்டர் வண்டிக்கு நடந்து, பண்ணை வீட்டைத் தேடிப் போனேன். அந்தப் பண்ணைக்காரர் யாரையும் உள்ளே விடமாட்டார் என்று ஊரில் பேச்சு.

கதவைத் திறந்தவருக்கு எழுபது வயது இருக்கும், காலில் உறையோடு நின்றார். எத்தனை குண்டு என்று கேட்டார். ஒன்று என்றேன். எங்கே பட்டது? ஈரல் என்று நினைக்கிறேன். "அப்படியானால் உட்கார். இப்போது போனால் எழுந்து ஓடும், அதற்கும் வேதனை" என்று காபி கொடுத்தார். சமையலறையிலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். போன வாரம் யாரோ கம்பியை வெட்டி உள்ளே வந்ததையும், மாடுகள் சாலைக்குப் போய் ஒரு நாள் முழுக்கத் தேடியதையும் அப்போதுதான் சொன்னார். எல்லாரையும் ஏன் விரட்டுகிறார் என்று எனக்கு விளங்கியது.

துப்பாக்கியை வண்டியிலேயே வைக்கச் சொன்னார். டார்ச்சோடு போனோம். வேலியிலிருந்து இருநூறு அடி தள்ளி, ஓடையோரப் புதரில் தலையை மடக்கிப் படுத்திருந்தது, செத்துப்போய். லைசென்ஸ் சீட்டைக் கிழித்துத் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அவர் பின்னங்காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நான் வயிற்றைக் கீறினேன். குளிரில் ஆவி எழும்பி டார்ச் வெளிச்சத்தை மறைத்தது. ஈரலில் விரல் நுழையும் ஓட்டை.

லைசென்ஸோடு நிலக்காரருக்கு என்று ஒரு கூப்பன் இருக்கும். அவர் நிலத்தில் மானை எடுத்தால் அதைக் கொடுக்க வேண்டும். அரசிடம் அனுப்பினால் அவருக்கு ஒரு சிறு தொகை வரும். அதை நீட்டினேன். "நீ சுட்டது அந்தப் பக்கம். இது எனக்குச் சேராது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கறியும் வேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கம்பி இழுக்கும் கருவியை எடுத்துக்கொண்டு போனேன். அந்த மான் தாண்டும்போது மேல் கம்பி இளகி, இரண்டு கம்பத்தில் ஆணி பிடுங்கியிருந்தது. அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் இழுத்து ஆணி அடித்தேன். மயிர்க்கொத்து இன்னும் முள்ளில் இருந்தது. அதை எடுக்க வேண்டாம் என்றார்.