மகனின் முடிவுகளைக் குறை சொல்லும் முன் அவனது இடது கையைப் பாருங்கள்

கேள்வி: குழு விளையாட்டில் உடல் திறமை வேறு, ஆட்டத்தில் சரியான முடிவெடுப்பது வேறு என்கிறார்களே, உண்மையா? என் மகன் கூடைப்பந்து ஆடுகிறான். பந்தை நன்றாகத் தட்டிக்கொண்டு போவான், ஆனால் தவறான ஆளுக்கே பாஸ் கொடுக்கிறான். எதைத் திருத்துவது?

பதில்:

மட்டக்களப்பில் பதினான்கு வருடமாகப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கி வருகிறேன். ஆரம்பத்தில் நானும் கையைப் பழக்கலாம், ஆட்ட மூளை பிறவியிலேயே வரவேண்டும் என்றுதான் நம்பினேன். ஒரு பொடியனால் அந்த நம்பிக்கை போய்விட்டது.

அவனுக்குப் பதின்மூன்று வயது. கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து சைக்கிளில் வருவான். வலது கையில் பந்து அப்படியே ஒட்டிக்கொண்டு போகும். ஒரு போட்டியில், இடப்பக்கம் வளையத்துக்குக் கீழே எங்கள் ஆள் தனியாக நின்று கையை உயர்த்திக் கத்திக்கொண்டிருந்தான். இவனோ வலப்பக்கத்துக் கூட்டத்துக்குள் பந்தை எறிந்து பறிகொடுத்தான். அன்றைக்கு மட்டும் இப்படி நான்கு தரம். நானும் கோட்டோரம் நின்று, "டேய், யோசிச்சு விளையாடு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது கேட்டேன். "என்ன மனே, அவன் அங்க நின்றதைக் காணல்லையா?"

"சேர், சத்தியமா நான் அவனக் காணவே இல்ல."

அவன் பொய் சொல்லவில்லை. அதை விளங்கிக்கொள்ள எனக்குத்தான் சில நாள் பிடித்தது. வலது கையால் தட்டிக்கொண்டு ஓடும்போது இடப்பக்கம் பாஸ் கொடுக்க வேண்டுமென்றால், அவன் பந்தை நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்து, உடம்புக்குக் குறுக்கே கொண்டுவர வேண்டும். அதற்குள் எதிராளியின் கை வந்துவிடும். இடது கையால் தட்டிய வாக்கில் தள்ளிவிட அவனுக்குத் தெரியாது. ஆகவே அந்தப் பாஸ் அவனிடம் இல்லை. கொடுக்க முடியாத பக்கத்தைக் கண் ஏன் தேடப் போகிறது? கை போகாத இடத்துக்குக் கண்ணும் போவதில்லை. இதுதான் உங்கள் கேள்விக்கு என் பதில். மற்றதெல்லாம் விளக்கம்.

எங்கள் ஊரில் இந்த ஆட்டத்தை வளர்த்தவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார். வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த வெபர் அடிகளார் அவர்களில் ஒருவர், 1990 ஆகஸ்டில் காணாமல் போன ஹேபர்ட் அடிகளார் இன்னொருவர். அந்தக் காலத்து ஆட்டக்காரர் ஒருவரிடம்தான் நான் பழகினேன். இரண்டு கையும் ஒன்றுபோல வரும்வரை அவர் எங்களை ஆட்டத்துக்கே விடமாட்டார். அப்போது அது எரிச்சலாக இருந்தது. நான் பழக்க வந்தபோது அதை மறந்தும் போனேன்.

சரி, பொடியனுக்கு என்ன செய்தேன்? ஏசுவதை நிறுத்தினேன். மூன்று மாதம் இடது கை மட்டும். மதிலில் சோக் கட்டியால் ஒரு குறி போட்டு, ஒரு நாளைக்கு இருநூறு தரம் இடது கையால் தள்ளச் சொன்னேன். அப்புறம் தட்டிக்கொண்டே என் கையைப் பார்க்க வேண்டும், நான் எத்தனை விரல் காட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் விரலைப் பார்த்தால் பந்து போய்விடும், பந்தைப் பார்த்தால் விரல் தப்பிவிடும். இரண்டாம் மாதம் பந்தைக் குனிந்து பார்ப்பதே நின்றுவிட்டது. பிறகு ஒரு போட்டியில், யாரும் சொல்லாமலே, இடது கையால் நிலத்தில் குத்தி, அதே வளையத்தடி ஆளுக்குப் பந்தைக் கொடுத்தான். அந்த முடிவை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. 2008இல் இத்தாலியில் அலியோத்தி என்ற ஆய்வாளரின் குழுவினர், யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று வளையத்துக்கு எறியும் ஃப்ரீ த்ரோ வீடியோக்களை இடையிடையே நிறுத்தி, பந்து வளையத்துக்குள் போகுமா என்று கேட்டார்கள். ஒரு பக்கம் தேர்ந்த ஆட்டக்காரர்கள், இன்னொரு பக்கம் ஆட்டத்தைப் பார்த்தே ஊறிய பயிற்றுநர்களும் விளையாட்டுச் செய்தியாளர்களும், மூன்றாவதாக ஆட்டம் தெரியாதவர்கள். மற்ற எல்லோரையும் விட ஆட்டக்காரர்கள் முந்தியும் சரியாகவும் சொன்னார்கள். பந்து கையை விட்டுப் போகுமுன்னரே, எறிபவரின் உடம்பைப் பார்த்துச் சொன்னார்கள். பார்த்துப் பழகிய கண்ணைவிட, எறிந்து பழகிய கை அதிகம் கண்டிருக்கிறது. பழக்குகிறவன் என்ற முறையில் இது எனக்கு நல்ல பாடம். கோட்டோரம் நின்று எனக்குத் தெரிவதெல்லாம் உள்ளே ஓடுகிறவனுக்கும் தெரியும் என்று இனி நான் எப்படி நினைப்பது?

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கை போகாத இடத்துக்குக் கண் போகாது என்பதைத் திறந்த கோர்ட்டில் நேரிலேயே காணலாம். பின்னேரம் காற்று ஏறியதும் நீளப் பாஸ் பாதியில் வளைந்துவிடும். தோளில் பலமுள்ள பெரிய பிள்ளைகள் அப்போதும் தூர மூலையைப் பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகள் ஒன்றிரண்டு தரம் பந்தைப் பறிகொடுத்ததும் அந்த மூலைப் பக்கம் தலையைத் திருப்புவதையே விட்டுவிடுவார்கள்.

ஆனால் கைத்திறமை மட்டும் வந்தால் முடிவெடுப்பது தானாக வரும் என்று நினைத்துவிடாதீர்கள். கூம்புகளை வரிசையாக வைத்துச் சுற்றிவரச் செய்தால் பிள்ளை அழகாகச் சுற்றிவரும். கூம்பு கையை நீட்டிப் பந்தைப் பறிக்கப் போவதில்லையே! 1980இல் கூடைப்பந்தாட்டக்காரர்களிடம் செய்த ஒரு பரிசோதனை உண்டு. ஒழுங்காக நடக்கும் தாக்குதலின் படத்தைக் கொஞ்ச நேரம் காட்டினால், யார் எங்கே நின்றார் என்பதை மற்றவர்களைவிட நன்றாகச் சொன்னார்கள். ஆட்ட ஒழுங்கு குலைந்த படத்தில் அந்த முன்னிலை இல்லை. ஆட்டத்துக்குள் கிடந்து வந்த அறிவு அது. அதனால் இடது கைப் பயிற்சி ஓரளவு வந்ததும் இருவர் தாக்க ஒருவர் மறிப்பது, மூவர் தாக்க இருவர் மறிப்பது என்று ஆடவிடுங்கள். எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறான் என்பதைப் பார்த்துக் கையும் கண்ணும் ஒன்றாகப் பழகும்.

உங்கள் மகனின் அடுத்த போட்டிக்கு ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுபோங்கள். பந்தைப் பறிகொடுக்கும் ஒவ்வொரு தடவையும் மூன்று விஷயம் குறியுங்கள்: எந்தக் கையில் பந்து இருந்தது, யாரும் மறிக்காமல் நின்ற நம் ஆள் எந்தப் பக்கம், எத்தனையாவது குவாட்டர் (ஆட்டத்தின் கால் பகுதி). தவறவிட்ட ஆளெல்லாம் ஒரே பக்கம் என்றால் அந்தப் பக்கத்துக் கையைப் பழக்க வேண்டும். கடைசிக் குவாட்டரில் மட்டும் என்றால் களைப்பு, ஓட்டப் பயிற்சி போதவில்லை. யாரும் நெருக்காத போதும் தவறினால்தான் ஆட்டத்தைப் படிப்பதில் குறை. குறித்ததை இங்கேயே கீழே போடுங்கள், எந்தப் பயிற்சியில் தொடங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.