கூத்துக்கு இல்லாத இயக்குநர் நாடகத்துக்கு எதற்கு?

கேள்வி: எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் நாள்கணக்கில் பாரதக் கூத்து நடக்கிறது. நோட்டீசில் இயக்குநர் என்று யார் பெயரும் இருப்பதில்லை. தருமபுரியில் ஒரு மணி நேர நவீன நாடகம் போட்டால் மட்டும் ‘இயக்கம்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு பெயர். நடிகர்களுக்குத் தெரியாத எதை இவர் சொல்லித்தரப் போகிறார்?
– ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: நோட்டீசில் பெயர் இல்லை, சரி. ஆளே இல்லை என்று யார் சொன்னது? அடுத்த முறை வேஷக்காரரைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, பின்பாட்டு பெஞ்சில் தாளம் தட்டும் வாத்தியாரைக் கவனியுங்கள். ஆடுகிறவருக்கு மூச்சு வாங்கினால் பாட்டைத் தான் வாங்கிக்கொண்டு இழுத்துப் பிடிப்பார். விடிவதற்குள் கதை முடியாது போலிருந்தால், கோமாளியாக வரும் கட்டியக்காரனின் நக்கலை ஒரு பார்வையில் நிறுத்திவிடுவார். போதாததற்கு ஊரே இயக்குகிறது. துரியோதனன் சாயும் படுகளத்தன்று யார் எங்கே நிற்க வேண்டும் என்பது முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் தெரியும். வேஷக்காரர் பிசகினால் விடமாட்டார்.

தென்மாவட்டங்களில் ஸ்பெஷல் நாடகம் என்று ஒன்று உண்டு. கதாநாயகனாக வரும் ராஜபார்ட் ஓர் ஊர், கதாநாயகியாக வரும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊர். ஒத்திகையே கிடையாது, நாடகத்தன்று ராத்திரி மேடையில் சந்தித்து வள்ளி திருமணத்தை நடத்தி முடித்துவிடுவார்கள். பாடமும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம், அதனால் நடக்கிறது.

புது நாடகத்தில் அந்த வசதி ஏது? அப்பா மகனிடம், “சரி, நிலத்தை வித்துடலாம்” என்கிறார். கோபமா, தோல்வியா, விட்டது சனியன் என்ற நிம்மதியா? அப்போது அவர் பார்ப்பது மகன் முகத்தையா, பெங்களூர் பஸ்ஸுக்குக் கட்டி வைத்த பையையா? அப்பாவாக நடிப்பவர் ஒன்றை நினைக்க, மகனாக நடிப்பவர் வேறொன்றை நினைத்தால் ஒரே மேடையில் இரண்டு நாடகம் ஓடும். நடிகர் தன்னைத் தானே பார்க்க முடியாது. நீங்கள் உட்காரப்போகும் நாற்காலியில் உங்களுக்கு முன்பே உட்கார்ந்து பார்த்து, இதுதான் என்று ஒன்றை முடிவு செய்ய ஓர் ஆள் வேண்டும்.

ஐரோப்பாவிலும் இந்த ஆள் ஆதியிலிருந்து இருந்தவரல்ல. எழுதியவரோ, கம்பெனியின் பெரிய நடிகரோதான் ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டார். ஜெர்மனியின் மைனிங்கன் பிரபு இரண்டாம் கியோர்க் 1874இல் தன் குழுவை பெர்லினுக்கு அனுப்பினார். அதில் கும்பலில் நிற்பவனுக்கும் தனி வேலை இருந்தது. 1890இல் அக்குழுவை மாஸ்கோவில் பார்த்த ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, அதன் கண்டிப்பான மேடை நிர்வாகியைப் போலவே கொஞ்ச காலம் நடிகர்களை ஆட்டிவைத்தார். பிறகு அந்த வழியை விட்டார். அப்படிப்பட்டவரே 1904இல் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘செர்ரிப் பழத்தோட்டம்’ நாடகத்தைச் சோகமாக்கிவிட்டார். நான் எழுதியது நகைச்சுவை என்று செகாவ் நொந்துகொண்டார். இயக்குநர் என்றால் எப்போதும் சரியாகத்தான் சொல்வார் என்று நானும் சொல்லவில்லை.

உங்கள் எரிச்சலில் ஒரு நியாயம் உண்டு. “இதோ, இப்படி நடி” என்று தானே நடித்துக்காட்டி, அதை அச்சாகத் திருப்பிச் செய்யச் சொல்கிறவரால் நடிகருக்குப் பத்துப் பைசா பிரயோஜனமில்லை. இன்னொரு வகை, பெயருக்கு மட்டும் இருப்பவர். நம் பள்ளி ஆண்டு விழாக்களில், கல்யாண மண்டப நாடகங்களில் உண்மையான இயக்குநர் யார் தெரியுமா? மைக் ஸ்டாண்ட்! நடுமேடையில் அது நிற்கும். சாகக் கிடக்கும் அம்மாகூட எழுந்து வந்து அதன் முன்னால் நின்று வசனம் பேசிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வார். அடுத்த முறை இப்படி ஒன்றைப் பார்த்தால், உங்கள் கேள்வியை எனக்கு அனுப்பாமல் கொட்டை எழுத்தில் பெயர் போட்டிருப்பவரிடமே நேரில் கேளுங்கள்.