எந்தக் கரையில், எந்த நேரத்தில் கடலில் இறங்கலாம்?

கேள்வி: வெப்பமண்டலக் கடலோரத்தில் ஒரு வாரம் தங்கப் போகிறோம். ஆறு வயதிலும் பத்து வயதிலும் பிள்ளைகள். முழங்கால் வலியுள்ள அம்மாவும் வருகிறார். படங்களில் எல்லாக் கடற்கரையும் ஒரே நீலமாகத் தெரிகிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

படங்களை ஒதுக்கி வையுங்கள். கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, நீங்கள் போகும் மாதத்தில் காற்று எங்கிருந்து வீசுகிறது என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். காற்று நேராக வந்து மோதும் பக்கத்தில் அலை உயரும், தண்ணீர் கலங்கும், பாசி ஒதுங்கும். அதே தீவின் மறுபக்கம், அதே நாளில், கடல் குளம்போலக் கிடக்கும். பருவக்காற்று மாறும் பகுதிகளில் நல்ல கரையும் மோசமான கரையும் இடம் மாறிவிடும். இலங்கையில் மே முதல் செப்டம்பர் வரை மேற்கும் தெற்கும் கொந்தளிக்கும்போது கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். டிசம்பருக்குப் பிறகு நிலைமை தலைகீழ். எனவே, பயணிகள் எழுதும் கருத்துகளில் நீங்கள் போகும் மாதத்தில் எழுதியவற்றை மட்டும் படியுங்கள்.

அடுத்து, செயற்கைக்கோள் படத்தில் கரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளைக் கோடுகள் அலை உடையும் இடங்கள். வெளிர்நீலம் ஆழமில்லாத மணல், கருமையான திட்டுகள் பவளப்பாறை அல்லது கடற்புல். பழுப்பு நிறம் பரவியிருந்தால் அங்கே ஆறு கலக்கிறது என்று பொருள்; கழிமுகத்தை ஒட்டிக் குளிக்கவே வேண்டாம். நீரோட்டம் வேகமாக இருக்கும், அடி தெரியாது. பெருமழைக்குப் பிறகு ஊரின் சாக்கடை நீரும் அதோடுதான் வந்து சேரும். நல்ல கரையாக இருந்தாலும் கனமழை பெய்தால் இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள். உங்கள் குடும்பத்துக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. மாவாக நுணுங்கிய மணல் இருந்தால் கரை பெரும்பாலும் மெல்லச் சரியும்; இருபது அடி எடுத்து வைத்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. பருமணல் என்றால் கரை செங்குத்தாக இறங்கும். இரண்டாம் அடியிலேயே ஆழம் வரும், அலை கரையின் விளிம்பிலேயே மடங்கி உடையும். பார்க்கச் சின்ன அலைதான், ஆனால் ஆளைத் தலைகீழாகப் புரட்டி மணலில் அடிக்கும். கழுத்து, முதுகெலும்பு காயங்கள் இப்படித்தான் நேர்கின்றன. முழங்கால் வலி உள்ளவருக்கு அந்தச் சரிவில் ஏறி வருவதே பெரும்பாடு. நுண்மணல் கரை கிடைக்கும்வரை தேடுங்கள்.

பவளப்பாறை அரண் உள்ள கரைகளில் உள்நீர் அமைதியாக இருக்கும், பிள்ளைகளுக்கு மீன் காட்டவும் ஏற்றது. ஆனால் கடல் வற்றும்போது தண்ணீர் கணுக்கால் அளவுக்குக் குறைந்து, பாறையும் கடல் முள்ளெலியும் காலைக் கிழிக்கும். கெட்டி அடியுள்ள நீர்க்காலணி போடுங்கள், பவளத்தை மிதிக்காதீர்கள். பாறை அரணில் உள்ள இடைவெளிப் பக்கம் மட்டும் போகவே கூடாது. வற்றும் நீர் முழுவதும் அந்த வழியாகத்தான் வெளியே பாயும். பெரும்பாலான கரைகளில் ஒரு கடல் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை 8 மணிக்குக் குளிக்க வசதியாக இருந்த தண்ணீர் நாளைக்கு ஏறக்குறைய 8.50க்கு வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம்.

இழுப்பு நீரோட்டம்தான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஏனென்றால் அது பார்வைக்குப் பாதுகாப்பான இடம்போலத் தெரியும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் மட்டும் அலையே உடையாமல் கருமையாக ஒரு பாதை இருந்தால், கரைக்கு வந்த நீர் அந்த வழியாகத் திரும்பிப் போகிறது. நுரையும் கலங்கிய மணலும் கடலை நோக்கி நகர்வது கவனித்தால் தெரியும். பாறை, அலைத்தடுப்புச் சுவர், பாலத்தூண் அருகே இது அதிகம். இறங்கும் முன் பத்து நிமிடம் மேட்டில் நின்று பாருங்கள். அலைகள் கூட்டங்கூட்டமாக வரும் என்பதால் முதல் இரண்டு நிமிடத்தில் பார்ப்பதை நம்ப முடியாது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். பயிற்சி பெற்ற நீச்சல்காரராலும் அதை எதிர்க்க முடியாது. களைத்துப் போவதுதான் உயிரைப் பறிக்கிறது. அந்த நீர் உங்களை அடியில் இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மிதந்தபடி ஒரு கையைத் தூக்குங்கள். முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி, அலை உடையும் பகுதி வழியாகத் திரும்புங்கள். உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் கரையில், சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் குளியுங்கள். சிவப்புக் கொடி மட்டும் பறந்தால் இறங்க வேண்டாம். ஊதாக் கொடி ஜெல்லிமீன் போன்ற கொட்டும் உயிரினங்கள் இருப்பதைச் சொல்கிறது.

குளிக்கச் சிறந்த நேரம் அதிகாலை முதல் பத்து மணி வரை. கடற்காற்று எழும் முன் தண்ணீர் தெளிந்திருக்கும், வெயிலும் தணிவு. ஒரே எச்சரிக்கை: அந்த நேரத்தில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். காற்றடைத்த மிதவையில் பிள்ளைகளை உட்கார வைத்தால் சத்தமில்லாமல் வெளியே போய்விடுவார்கள். மிதவையை விட்டுவிட்டு, அளவான லைஃப் ஜாக்கெட் போட்டு, எட்டிப் பிடிக்கும் தூரத்திலேயே நில்லுங்கள்.

உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையானால் வெயில் தோலைச் சுடும் நேரம். எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை வெளியே கிளம்ப 20 நிமிடத்துக்கு முன் பூசுங்கள். பெரியவர் உடம்பு முழுவதற்கும் சுமார் ஏழு டீஸ்பூன் வேண்டும். பெரும்பாலோர் பூசுவது இதில் பாதிகூட இருக்காது, அதனால்தான் தோல் கறுத்து உரிகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், குளித்து ஏறியதும் மறுபடி பூசுங்கள். பவளத்துக்குக் கேடு என்று ஆக்ஸிபென்ஸோன் என்ற வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது. துத்தநாக ஆக்ஸைடு உள்ளதை வாங்குவது நல்லது. முழுக்கைச் சட்டை போட்டுக் குளித்தால் பூசும் அளவும் குறையும்.

கலங்கிய மணல் தரையில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடங்கள். திருக்கை விலகிப் போய்விடும். முள் குத்தினால் பொறுக்கக்கூடிய வெந்நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், காலை ஊற வைத்தால் வலி குறையும், பிறகு மருத்துவரிடம் போங்கள். ஜெல்லிமீன் பட்ட இடத்தில் மணலைத் தேய்க்கவோ நல்ல தண்ணீரால் கழுவவோ வேண்டாம். பெட்டி ஜெல்லிமீன் உள்ள கடலில் வினிகரை அரை நிமிடமாவது ஊற்றுவார்கள். வேறு சில வகைகளுக்கு வினிகர் ஆகாது. எது திரிகிறது என்று உயிர்காப்பாளரிடம் போன அன்றே கேளுங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் மருத்துவமனை.

அம்மாவுக்கு நிழல் வேண்டுமென்றால் திசையை மறுபடி பாருங்கள். மேற்கு பார்த்த கரையில் மரங்கள் கிழக்கே நிற்பதால் காலையில் நிழல் மணல்மேல் விழும். கிழக்கு பார்த்த கரையில் பிற்பகலில்தான் விழும். நாற்காலியை ஈரக்கோட்டுக்கு மேலே, காய்ந்த பாசி ஒதுங்கிய வரிசைக்கும் பின்னால் போடுங்கள். கடல் ஏறும்போது எழுந்து இடம் மாற வேண்டியிருக்காது. மேலே தேங்காய்க் குலை தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டே போடுங்கள்.