சொந்தப் பதிப்பாகப் புத்தகம் போட: கேள்வியும் பதிலும்

தன் எழுத்தைத் தானே பதிப்பித்து விற்க நினைக்கும் எழுத்தாளர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நாவல், சிறுகதை, கட்டுரை நூல்களை மனதில் வைத்துப் பதில் சொல்கிறேன். பாடநூலுக்கும் படங்கள் நிறைந்த சிறுவர் நூலுக்கும் கணக்கு வேறு.

சேலத்திலிருந்து: அண்ணா, 45,000 சொற்களில் ஒரு நாவல் முடித்திருக்கிறேன். எத்தனை பக்கம் வரும்? எந்த அளவில் போடுவது?

நாவலுக்கு டெமி 1/8 போதும். அதாவது 5.5 அங்குல அகலம், 8.5 அங்குல உயரம். எழுத்து 11.5 புள்ளி, வரி இடைவெளி 16 புள்ளி என்று வைத்தால் பக்கத்துக்கு ஏறக்குறைய 30 வரிகள், வரிக்கு ஆறு சொற்கள். உரையாடல் வரிகள் பாதியில் நிற்பதால் சராசரியாகப் பக்கத்துக்கு 170, 180 சொற்கள்தான் தேறும். உங்கள் நாவல் 250 முதல் 265 பக்கங்களுக்குள் அடங்கும்.

தகடு செய்து மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட்டில் அச்சடிப்பதாக இருந்தால் 256 பக்கங்களில் நிறுத்தப் பாருங்கள். ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் தொகுப்புக்கு ஃபாரம் என்று பெயர், ஒரு ஃபாரம் 16 பக்கம். 256 என்பது சரியாக 16 ஃபாரம். 260 ஆகிவிட்டால் அந்த நான்கு பக்கத்துக்காகத் தனியாக ஒரு ஓட்டு ஓட்ட வேண்டும், தாளும் வீணாகும். முன்பக்கங்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு: தலைப்பு, காப்புரிமை, சமர்ப்பணம், முன்னுரை, உள்ளடக்கம் என்று எட்டுப் பக்கம் எளிதில் போய்விடும். தகடு இல்லாமல் கோப்பிலிருந்து நேரடியாக அடிக்கும் டிஜிட்டல் அச்சில் இந்தக் கட்டாயம் இல்லை.

தாள் 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) நேச்சுரல் ஷேட், அதாவது இளமஞ்சள் நிறம் கேளுங்கள். 60 ஜிஎஸ்எம்மில் பின்பக்க எழுத்து தெரியும். அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, மேட் லேமினேஷன். கட்டுப் பக்கம் உள் ஓரம் 20 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் வரியின் முனை மடிப்புக்குள் போய்விடும், படிப்பவர் புத்தகத்தை விரித்து அழுத்துவார், ஒட்டுக்கட்டு விட்டுப்போகும்.

தஞ்சாவூரிலிருந்து: பத்து வருடங்களுக்கு முன் பாமினியிலும் வானவில்லிலும் தட்டச்சு செய்த கதைகள் கிடக்கின்றன. அப்படியே அச்சுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் கொடுக்காதீர்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக் குறிமுறையில் இருக்கும் கோப்பு அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டும்தான் தமிழ். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலுக்குப் போகாது, இணையத்தில் தேடக் கிடைக்காது, எழுத்துருவை மாற்றினால் எல்லாம் குப்பையாகிவிடும். முதலில் எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இலவசம்.

மாற்றியபின் செய்ய வேண்டியதுதான் முக்கியம், பலர் விட்டுவிடுவதும் அதைத்தான். மாற்றி, கோப்பில் உள்ள எல்லா எழுத்தையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும். நடுவில் ஆங்கிலத்தில் அடித்த பெயர்களும் ஊர்களும் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துக் குவியலாக மாறியிருக்கும். அவற்றைக் கண்ணால்தான் பிடிக்க முடியும்.

அடுத்தது ‘ஔ’. பலர் ‘ஒ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ அடித்திருப்பார்கள். தாளில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு வேறு வேறு. ‘ஔவை’ என்று தேடுகிறவருக்கு உங்கள் ‘ஒளவை’ அகப்படாது. கிண்டிலில் எழுத்தைப் பெரிதாக்கினால் ‘ஒ’ ஒரு வரியிலும் ‘ளவை’ அடுத்த வரியிலும் போய் நிற்கக்கூடும். ‘மௌனம்’, ‘கௌரவம்’ போன்றவற்றிலும் இதே சிக்கல்: ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். ‘ஒள’ என்று தேடி மொத்தமாக மாற்றிவிடாதீர்கள், ‘ஒளி’யும் ‘ஒளவை’யோடு சேர்ந்து ‘ஔி’ ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

கோப்பு இந்த நிலையில் சுத்தமாகிவிட்டால் அச்சு, மின்னூல், மறுபதிப்பு எல்லாவற்றுக்கும் அதுவே மூலம். இங்கே ஒரு வாரம் செலவழிப்பதற்கு நீங்கள் தயங்கவே கூடாது.

திருப்பூரிலிருந்து: வேர்டில் சரியாக இருக்கும் உரை, பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ஒட்டினால் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நிற்கின்றன. எழுத்துருவில் பிழையா?

எழுத்துருவில் பிழையில்லை. பத்தி அமைப்பில், எழுத்துகளை வரியில் அடுக்கும் கம்போசரை ‘வேர்ல்ட்-ரெடி’ என்று மாற்றுங்கள். வழக்கமான கம்போசர், குறிகளைத் தட்டச்சான வரிசையிலேயே வைக்கும். தமிழில் எகரக் கொம்பு எழுத்துக்குமுன் வர வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. பத்திப் பாணியிலேயே இதை அமைத்துவிட்டால் ஒவ்வொரு பத்தியிலும் மாற்ற வேண்டாம். ஒருங்குறி எழுத்துருக்களில் நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வணிக நூலிலும் பயன்படுத்தலாம்.

இன்னொன்று. தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் இருபுறமும் சமன்செய்த வரிகளில் சொற்களுக்கு நடுவே ஓட்டைகள் விழும். எழுத்தைக் குறைத்து ஓட்டையை அடைக்காதீர்கள். ‘போய்க்கொண்டிருந்தபோதெல்லாம்’ மாதிரிச் சொற்களை அசை பிரியும் இடத்தில் கையால் உடைத்துக் கொடுங்கள். மெய்யெழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விருதுநகரிலிருந்து: அச்சுக்கு முன் பிழை பார்க்கும் மெய்ப்பு எத்தனை முறை பார்ப்பது? நானே பார்த்தால் போதாதா?

நீங்கள் பார்த்தால் எழுதியிருப்பதைப் படிக்க மாட்டீர்கள், எழுத நினைத்ததைப் படிப்பீர்கள். குறைந்தது மூன்று சுற்று வேண்டும். முதல் சுற்று கணினியில்: வாணி என்ற மென்பொருள் எழுத்துப்பிழைக்கும், நாவி என்ற மென்பொருள் சந்திப்பிழைக்கும் உதவும். இவை காட்டுவதை எல்லாம் ஏற்காதீர்கள். பேச்சு வழக்கு உரையாடலை இவை பிழை என்றுதான் சொல்லும். இரண்டாம் சுற்று தாளில், வேறொருவர் கையால். மூன்றாவது, பக்கம் வடிவமைத்து முடித்தபின்: அத்தியாயத் தலைப்பு, பக்க எண், உள்ளடக்கத்தில் உள்ள எண், பக்கத்தின் மேலே தனியாகத் தொங்கும் ஒற்றை வரி.

தனியாக ஒரு தாளில் சொற்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரப் பெயர், ஊர்ப்பெயர், ‘கோவில்’ என்றா ‘கோயில்’ என்றா, ‘ஃபோன்’ என்றா ‘போன்’ என்றா. எதை எடுத்தாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை அதுவே. மெய்ப்புப் பார்ப்பவர் கையில் இந்தத் தாளையும் கொடுங்கள்.

மதுரையிலிருந்து: ஐஎஸ்பிஎன் கட்டாயமா? ஏஜென்ட் பணம் கேட்கிறார்.

ஐஎஸ்பிஎன் என்பது நூலுக்கான பன்னாட்டு அடையாள எண். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் இணையக் கடைகளுக்கும் நூலகங்களுக்கும் வேண்டும். இந்தியாவில் அது இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமையின் இணையதளத்தில் எழுத்தாளரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். வேறொருவர் பெயரில் வாங்கிய எண்ணைப் போட்டால் பதிவேட்டில் அவர்தான் உங்கள் நூலின் பதிப்பாளர். அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண். வெறும் மறுஅச்சுக்குப் பழைய எண்ணே போதும். உரையைக் கணிசமாகத் திருத்திப் புதிய பதிப்பாக வெளியிட்டால் புது எண்.

யாழ்ப்பாணத்திலிருந்தும் இதே கேள்வி வந்திருக்கிறது. இலங்கையில் எண்ணைத் தருவது கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை.

எண்ணைவிடப் பலருக்குத் தெரியாதது 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டம். இந்தியாவில் வெளியாகும் நூலின் ஒரு படியை 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் தன் செலவில் அனுப்ப வேண்டும். நீங்கள்தான் பதிப்பாளர் என்றால் அனுப்ப வேண்டியவரும் நீங்கள்தான். நாற்பது வருடம் கழித்து உங்கள் நூலை ஒருவர் தேடிப் போனால் அவருக்குக் கிடைக்கப்போவது அந்தப் படிகளில் ஒன்றாக இருக்கலாம்.

கோவையிலிருந்து: எத்தனை படி அடிப்பது, என்ன விலை வைப்பது?

முதலில் கணக்குப் போடுங்கள், பிறகு விலை. அச்சு, கட்டு, அட்டை எல்லாம் சேர்த்துப் படிக்கு ₹90 ஆகிறது, விலை ₹250 வைக்கிறீர்கள் என்று கொள்வோம். கடைக்காரர் கழிவு 35 முதல் 40 சதவீதம். 40 என்றால் உங்கள் கைக்கு ₹150. அதில் அச்சுச் செலவு போக ₹60. புத்தகத்தைக் கடைக்கு அனுப்பும் செலவும், விற்காமல் திரும்பும் படிகளும், அன்பளிப்புப் படிகளும் இந்த அறுபதிலிருந்துதான். வடிவமைப்புக்கும் அட்டை ஓவியத்துக்கும் மெய்ப்புக்கும் ₹18,000 செலவழித்திருந்தால், கடை வழியாக 300 படி விற்றால்தான் அந்தப் பணம் திரும்பும்.

அதே புத்தகம் புத்தகக் காட்சியில் 10 சதவீதக் கழிவில் நேரடியாக விற்றால் ₹225 வருகிறது. அதனால்தான் முன்வெளியீட்டுத் திட்டம் நல்லது என்கிறேன்: அச்சுக்குப் போகுமுன் ஒரு மாதம் சலுகை விலையில் பணம் கட்டச் சொல்லுங்கள். 80 பேர் கட்டினால் 150 படி அடியுங்கள், 500 வேண்டாம். படிக்கான விலை குறைகிறதே என்று ஆயிரம் அடித்து, 700 படியைக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பது சேமிப்பாகாது. ஈரமும் கரையானும் சேர்ந்தால் இரண்டு மழைக்காலம் தாங்காது.

300 படிக்குள் என்றால் டிஜிட்டல், 500க்கு மேல் என்றால் ஆஃப்செட் என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். நடுவில் இருந்தால் இரண்டுக்கும் விலைப்புள்ளி வாங்குங்கள்.

விலை வைக்குமுன் எடையையும் பாருங்கள். 70 ஜிஎஸ்எம் தாளில் 256 பக்க டெமி நூல் அட்டையோடு 290 கிராம் வரும். உறையும் அட்டைப் பொதியும் சேர்ந்தால் 350ஐ நெருங்கும். கூரியர் செலவு இதை வைத்துத்தான்.

நாகர்கோவிலிலிருந்து: கிண்டிலில் எழுத்தாளருக்கு வரும் ராயல்டி 35, 70 சதவீதம் என்று இரண்டு இருக்கிறதே, எது?

கிண்டிலுக்கு எழுத்தாளர் நூல் ஏற்றும் தளம் கேடிபி. அதில் இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமென்றால் நூலைக் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. உங்கள் வலைப்பக்கத்திலோ தொடர்கதைச் செயலியிலோ முழுக்கதையும் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். 10 சதவீதம் வரை மாதிரியாக விட்டுவைக்கலாம். அச்சு நூலுக்கு இந்தத் தடை கிடையாது. இன்னொரு பிடித்தமும் உண்டு: 70 சதவீதத் திட்டத்தில் கோப்பின் ஒவ்வொரு எம்பிக்கும் ₹7 கழிப்பார்கள். பெரிய படங்களைச் சுருக்காமல் போட்டால் ராயல்டி அதிலேயே கரையும்.

பிடிஎஃப் ஏற்றாதீர்கள். வேர்டு கோப்பில் அத்தியாயத் தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணி, ஒவ்வொரு அத்தியாயமும் புதுப் பக்கத்தில், பத்தி உள்தள்ளலுக்கு டேப் அல்லாமல் பத்தி அமைப்பு. அட்டைப் படம் 2560 பிக்சல் உயரம், 1600 பிக்சல் அகலம். ஏற்றியபின் முன்னோட்டத்தில் எழுத்தை மிகப் பெரிதாக்கிப் பாருங்கள், மேலே சொன்ன ‘ஒள’ எல்லாம் அங்கே மாட்டும்.

கணக்குத் தொடங்கும்போது வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுங்கள். கொடுத்தால் அமெரிக்க விற்பனை ராயல்டியில் ஒப்பந்தப்படி 15 சதவீதம்தான் பிடிப்பார்கள், இல்லாவிட்டால் 30. பணம், விற்ற மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்து வரும்.

திருநெல்வேலியிலிருந்து: நாவலில் சினிமாப் பாட்டு நாலு வரி வருகிறது. பிரச்சினையா?

அனுமதி இல்லாமல் போடாதீர்கள். இந்தியக் காப்புரிமை ஆசிரியர் வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். ‘அந்தப் பாட்டு டீக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது’ என்று எழுதினால் வாசகரே பாடிக்கொள்வார். பாரதி பாடல்களுக்கு இந்தத் தடை இல்லை.

சென்னையிலிருந்து: என் நூல் நன்றாகப் போகிறது. ஒரு பதிப்பகம் கேட்கிறது. ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது?

மகிழ்ச்சியான செய்தி. எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா. ‘அனைத்து உரிமைகளும்’ என்ற ஒற்றை வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்; அவர்கள் செய்யப்போவதை மட்டும் கொடுங்கள். ராயல்டி அட்டை விலையில் சதவீதமா, கழிவு போக வரும் தொகையில் சதவீதமா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ₹250 நூலில் 10 சதவீதம் முதல் கணக்கில் ₹25, இரண்டாவதில் ₹15.

ஈரோட்டிலிருந்து: ஒரே ஒரு புத்தகம் வைத்துக்கொண்டு புத்தகக் காட்சியில் கடை எடுக்கலாமா?

வேண்டாம். வாடகையே தேறாது. உங்கள் வகை நூல்கள் விற்கும் ஒரு பதிப்பகத்தின் அரங்கில், விற்றபின் பணம் என்ற ஏற்பாட்டில் 20 படி வையுங்கள். எத்தனை கொடுத்தீர்கள், என்ன கழிவு, எந்தத் தேதியில் கணக்கு என்று ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். புத்தகக் காட்சி சென்னையில் ஜனவரி, உங்கள் ஊரில் ஆகஸ்ட். அச்சகங்கள் டிசம்பரில் நிரம்பி வழியும். சென்னைக் காட்சிக்கு நூல் வேண்டுமென்றால் நவம்பர் முதல் வாரத்தில் கோப்பு அச்சகத்தில் இருக்க வேண்டும். அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் நூலக ஆணைக்கு அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள், ஆனால் அதை நம்பி முன்கூட்டியே அச்சடிக்க வேண்டாம்.

தூத்துக்குடியிலிருந்து: இரண்டாவது நூல் தயாராகிறது. முதல் நூல் தீர்ந்துவிட்டது. வடிவமைத்தவர் தொடர்பில் இல்லை. என்ன செய்வது?

கையில் பிடிஎஃப் இருந்தால் அதையே அச்சடிக்கலாம், திருத்த முடியாது. இரண்டாவது நூல் வரும்போது முதல் நூலைக் கேட்டு வருவார்கள், அதனால் 50 படியாவது டிஜிட்டலில் அடித்து வையுங்கள். புதிய நூலின் கடைசிப் பக்கத்தில் முதல் நூலின் அட்டையும் விலையும் இருக்கட்டும்.

இனிமேல் வடிவமைப்பாளருக்குக் கடைசித் தவணை கொடுக்குமுன் நான்கைக் கேட்டு வாங்குங்கள்: இன்டிசைன் பேக்கேஜ் கோப்புறை (வடிவமைப்பின் மூலக் கோப்பும் படங்களும்), எழுத்துருக்கள், அட்டையின் அடுக்குக் கோப்பு (திருத்தக்கூடிய மூலம்), இறுதித் திருத்தம் எல்லாம் ஏறிய ஒருங்குறி வேர்டு கோப்பு. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். திருத்தங்கள் பக்க வடிவமைப்பில் மட்டும் செய்யப்பட்டு, உங்கள் வேர்டு கோப்பு பழைய பிழைகளோடு நின்றிருக்கும். மின்னூலுக்கு அதையே ஏற்றிவிடுவீர்கள். நான்கையும் இரண்டு இடங்களில், நூலின் பெயரும் பதிப்பு எண்ணும் போட்டுச் சேமித்து வையுங்கள்.